மிஸ்ஸி சொன்னதில் நான் விழுங்கிய பாதி

தம்பி, இதைப் படிப்பதற்கு முன்னால் கையைக் கழுவி, ஒற்றித் துடைத்து, இந்தப் பையில் இருக்கும் டப்பா மருந்தை விரல் இடுக்கு விடாமல் பூசிக்கொண்டு உட்கார். கடுதாசியில் எண்ணெய் படுமே என்று பார்க்காதே. எழுதுகிற என் கையிலும் அதே மருந்துதான் இருக்கிறது, நாலைந்து இடத்தில் பேனா வழுக்கியிருப்பதை நீயே பார்ப்பாய். ஒரே வீட்டில் இருக்கிற மகனுக்கு எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய். சிரி. நம் லயத்து வரிசையில் ஒரு காம்பராவில் இருமினால் ஒற்றைச் சுவர் தாண்டி அடுத்த காம்பராவிலிருந்து கொத்தமல்லி அவித்துக் குடிக்கச் சொல்வார்கள். அப்படிப்பட்ட சுவருக்குள் வைத்து இதை எப்படிப் பேசுவது? அதுவும் போக, உன் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பொய்தான் வரும். நீ இந்தக் கிழமை முழுக்க கரட் கிழங்கு கழுவுகிற இடத்திலேயே தங்கி வேலை செய்கிறாய். ஞாயிற்றுக்கிழமை வருவாய். திங்கட்கிழமை காலையில் தோட்டத்து ஆபீசுக்குப் போய், எனக்குப் பதிலாக உன் பெயரைப் பதிவதாகச் சொல்லியிருக்கிறாய். அதற்கு முன்னால் நான் செய்த ஒரு காரியம் உனக்குத் தெரிய வேண்டும். புதன்கிழமை எழுத ஆரம்பிக்கிறேன், சுளுக்கிய காலைத் தலையணையில் தூக்கி வைத்துக்கொண்டு.

என் கையை நீ பிறந்ததிலிருந்து பார்க்கிறாய். தேயிலைக் கொழுந்துக் கறை கறுப்பாக ஏறிய விரல், அந்தக் கறுப்புக்குள் கோடு கோடாக வெடிப்பு. மழைக் காலத்தில் வெடிப்பு ஊறும், பனிக் காலத்தில் விரியும். சேலையில் நூலை இழுக்கும். உப்புப் புளி பட்டால் உச்சந்தலை வரை எரியும். கொழுந்து நிறுக்கும் இடத்தில் விரல் வைக்கிற மெஷின் கொண்டுவந்த நாளிலிருந்து என் பெருவிரல் அதில் ஒரு தடவைகூடப் பதிந்ததில்லை. துடைத்து வைத்தேன், ஊதி வைத்தேன், தலையில் தேய்த்து எண்ணெய் காட்டி வைத்தேன். மெஷின் சிவப்பாக முழிக்கும். பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் கூடையை இறக்க முடியாமல் முணுமுணுப்பார்கள். கடைசியில் கணக்கப்பிள்ளை, "ஒனக்கு வெரலும் இல்ல, ரேகையும் இல்ல, தள்ளு" என்று சொல்லிவிட்டுப் பழைய புத்தகத்தில் எழுதிக்கொள்வார். முப்பத்தைந்து வருசம் இந்த மலையில் ஏறி இறங்கியவளைப் பார்த்து ஒரு பெட்டி 'நீ யார்' என்று கேட்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அதைத் தூக்கி ஆற்றில் போட்டிருப்பேன், அவ்வளவுதான்.

வெடிப்புக்கு வைத்தியம் என்று நான் செய்ததெல்லாம் வெடிப்பை வளர்த்த வைத்தியம். கலியாணத்துக்கு முன் ஒரு கிழமை, கறை போக வேண்டும் என்று எலுமிச்சம்பழத்தைத் தேய்த்தேன். போகவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் போடுகிற பிளீச்சிங் பவுடரைக் குழைத்துத் தேய்த்தேன். கறை போனது, கூடவே தோலும் போனது. இந்த ஊரில் பொண்ணாகப் பிறந்த எல்லோரும் ஒரு தடவையாவது செய்கிற முட்டாள்தனம் அது. மாப்பிள்ளை வீட்டார் முன்னால் வெள்ளைக் கையோடு நிற்க வேண்டுமாம். மாப்பிள்ளை வீட்டார் என்ன, துரை பங்களாவிலிருந்தா வந்தார்கள்? அவர்களும் அடுத்த மலையில் கொழுந்து எடுத்தவர்கள்தான். தாலி கட்டிய பிறகு, குடத்துத் தண்ணீரில் மோதிரத்தைப் போட்டு இரண்டு பேரையும் தேடச் சொன்னார்கள். மஞ்சள் தண்ணீரில் கையை விட்டதும் உயிர் போய்விட்டது. வெடுக்கென்று எடுத்துவிட்டேன். உன் அப்பா மோதிரத்தை எடுத்து ஜெயித்தார், எல்லோரும் கை தட்டினார்கள். அவர் மட்டும் மெதுவாக, "ஏன் கைய எடுத்துட்ட?" என்று கேட்டார். விரித்துக் காட்டினேன். "கறையோடயே வந்திருக்கலாமே. எங்க லயத்துல யாருக்குக் கை வெள்ளையா இருக்கு?" என்றார். அந்த ஒரு பேச்சுக்காகத்தான் அவருடைய குடியையும் கோபத்தையும் பிறகு பொறுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகும் எனக்குப் புத்தி வந்ததா என்றால் இல்லை. மெழுகுவர்த்தியை உருக்கி வெடிப்புக்குள் விட்டேன். பிளேடால் ஓரத்தைச் சீவினேன். சைக்கிள் டியூபை வெட்டி விரலில் மாட்டி, உள்ளே வியர்த்து ஊறிப் புண்ணாக்கிக்கொண்டேன். நீ சின்னவனாக இருக்கும்போது பீலித் தண்ணீருக்குக் கீழே வைத்துக் குளிப்பாட்டினால், "தொடாதம்மா, கீறுது" என்று நெளிவாய். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையை மடிக்க விடமாட்டாய், நூல் இழுத்துவிடும் என்று. ஒரு நாள் கோபத்தில், "இந்தக் கை கீறித்தாண்டா நீ திங்கிற" என்று முதுகில் ஒன்று வைத்தேன். அடித்த கையும் எரிந்தது. நீ அன்றைக்கு அழாமல் நின்றாயே, அது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. இப்போது கேட்கிறேன், மன்னித்துக்கொள்.

இனி விசயத்துக்கு வருகிறேன், சுற்றி வளைத்தது போதும். உன் அப்பா இறந்த பிறகு இந்தக் காம்பரா என் பேரில் ஓடுகிறது. வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்தால்தான் காம்பரா என்பது நம் தோட்டத்தில் எந்தத் தாளிலும் எழுதாத சட்டம். யாரும் வெளியே போகச் சொல்ல மாட்டார்கள். கூரைத் தகரம் பறந்தால் மாற்ற வரமாட்டார்கள், லைட் போனால் பார்க்க வரமாட்டார்கள், ஒரு நாள் வேறு குடும்பத்தைக் கூட்டிவந்து வாசலில் நிறுத்தி, "கொஞ்சம் ஒதுங்கிக் குடுங்க" என்பார்கள். இந்த ஐப்பசியில் எனக்கு அறுபது முடிகிறது, அதோடு பேரை வெட்டிவிடுவார்கள். முடிந்த மறுநாள் நான் யார்? இந்தப் பயம் எனக்கு இரண்டு வருசமாக இருக்கிறது. அடுப்படியில் இருக்கும்போது வரும், மலையில் நிற்கும்போது வரும். எங்கே திரும்பினாலும் தேயிலைதான், அதற்குப் பின்னால் இன்னொரு மலை, அதிலும் தேயிலைதான். ஒரு ஆளாவது என்னோடு இதற்குள்ளேயே இருக்கட்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அந்த ஆள் நீதான்.

நீ பள்ளிக்கூடம் முடித்து, வேறு வேலை கிடைக்காமல் நுவரெலியாப் பக்கம் கரட் கழுவப் போனாய். விடியும் முன்னே பனித் தண்ணீரில் கையை விட்டால் லொறி நிறைகிற வரைக்கும் எடுக்க முடியாது. ஆறு மாதத்தில் உன் கை என் கை மாதிரி ஆனது. கட்டாரில் ஹோட்டல் வேலைக்கு ஏஜென்சியில் உன்னைத் தெரிந்தெடுத்த அன்று, "அங்க குளிரே இல்லம்மா, கை வெடிக்காது" என்று சொன்னாய். உன் சந்தோசம் அவ்வளவு சின்னதாக இருந்தது. பிறகு விசாவுக்கு விரல் வைக்கக் கொழும்புக்குப் போனாய். பத்து விரலில் நான்குதான் பதிந்தது. அங்கே இருந்த பிள்ளை நல்ல விதமாகத்தான் சொல்லியிருக்கிறாள், கையை ஆற்றிக்கொண்டு ஒரு மாதம் கழித்து வரும்படி. நீ திரும்பி வந்து, படியில் உட்கார்ந்து, சப்பாத்தைக் கழற்றாமல் கையையே பார்த்துக்கொண்டிருந்தாய். மெஷின் முன்னால் நிற்கிற அவமானம் எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் அடுத்த வேலையைச் செய்தேன்.

உன்னை ஆசுபத்திரி கிளினிக்குக் கூட்டிப் போனேன் அல்லவா. அந்தச் சிங்கள நர்ஸ் மிஸ்ஸி உன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மருந்து எடுக்க உன்னை ஜன்னல் வரிசைக்கு அனுப்பினாள். நீ போன பிறகு என்னைக் கூப்பிட்டு, அரைத் தமிழில் சொன்னாள். "அம்மே, மருந்து மட்டும் போட்டா சரி வராது. மூணு கெழம தண்ணியில கை போடக் கூடாது. வேற வேல கேக்கச் சொல்லுங்க. தண்ணி வேல செஞ்சா ஒரு நாளைக்கு நாலு தரம் மருந்து போட்டாலும் சும்மாதான்." விளங்கியதா என்று கேட்டாள். விளங்கியது என்றேன். நன்றாகவே விளங்கியது. நீ டப்பாவோடு வந்து, "என்னாம்மா சொன்னாங்க?" என்று கேட்டாய். "காலையில ஒரு தரம், பொழுதுபட ஒரு தரம் பூசச் சொன்னாங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். மிச்சத்தை விழுங்கிவிட்டேன். பஸ்ஸில் வரும்போது உனக்கு இரண்டு வடை வாங்கிக் கொடுத்தேன், ஞாபகம் இருக்கிறதா? அது அந்தப் பொய்க்கு நான் கொடுத்த வடை.

நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். வாயில் தானாக அப்படி வந்தது என்பது உண்மைதான். ஆனால் அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் சொல்லியிருக்கலாம், மறுநாள் சொல்லியிருக்கலாம், மூன்று கிழமையில் எத்தனை தடவை நீ மருந்து பூசிக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்தாய். ஒவ்வொரு நாளும் விடிய நீ கரட் தண்ணீருக்குப் போனாய், நான் ரொட்டியும் சம்பலும் கட்டிக் கொடுத்து அனுப்பினேன். பூசிய மருந்து தண்ணீரில் போனது. இரண்டாம் தடவை கொழும்புக்குப் போனாய், மூன்று விரல்தான் பதிந்தது. ஏஜென்சியில் இன்னும் ஒரே ஒரு தடவை பார்ப்போம், அடுத்த மாதக் கடைசி வரைக்கும் என்று சொன்னார்களாம். நீ அதைக்கூட அரைகுறையாகத்தான் என்னிடம் சொன்னாய். "என் கை அவ்வளவுதாம்மா. நான் இங்கயே பேர் பதியிறேன். நமக்குக் காம்பராவாவது மிஞ்சும்" என்றாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? கோழி வாங்கி ஆக்கினேன். நீ தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாய், நான் இரண்டாம் முறை சோறு போட்டேன். அன்றைக்கு எனக்கு நல்ல நித்திரை வந்தது. இதைவிடக் கேவலமாக ஒன்றை இந்தக் கடிதத்தில் நான் எழுதப்போவதில்லை.

அப்புறம்தான் கடவுள் என் காலை வாரிவிட்டார். மழையில் வழுக்கி விழுந்து, எட்டு நாளாக வீட்டில் கிடக்கிறேன். கொழுந்தில்லை, பீலியில்லை. பாத்திரம் கழுவவும் நீ விடவில்லை, பக்கத்துக் காம்பராப் பெண் கழுவிக் கொடுத்தாள். முதல் நாள் பொழுதுபட நீ வேலைவிட்டு வந்து என் பக்கத்தில் குந்தி, என் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாய். உன் டப்பாவைத் திறந்தாய். "டப்பாவுல கொஞ்சந்தான் இருக்கு. ஒனக்குப் போடுவோம்மா. எனக்கு இனி என்னத்துக்கு" என்றாய். ஒவ்வொரு வெடிப்பாகப் பார்த்துப் பார்த்துப் பூசினாய். என் விரல் உன் விரலில் உரசும்போது சொரசொரவென்று சத்தம் கேட்டது. குளிப்பாட்டும்போது கீறுது என்று நெளிந்த பிள்ளை நீ. பிறகு உன் பழைய பருத்திச் சொக்சை என் கையில் மாட்டிவிட்டு, "ராணி மாதிரி இரு" என்று கேலி செய்துவிட்டுப் போய்ச் சோறு வடித்தாய். ஐந்து நாள் அப்படிச் செய்தாய், ஆறாம் நாள் கரட் இடத்துக்குத் தங்கப் போனாய். போன பிறகும் நானே பூசி வருகிறேன். இன்றைக்குக் கையை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். சுட்டுவிரல் மூடியிருக்கிறது, பெருவிரலில் மேல் கோடு மட்டும்தான் மிச்சம். எட்டே நாள். மிஸ்ஸி சொன்ன சொல் என் கையிலேயே பலித்திருக்கிறது. உன் மூன்று கிழமையை நான் என்ன செய்தேன்?

ஆகவே விழுங்கியதைக் கக்குகிறேன், ஒழுங்காகக் கேள். இன்றையிலிருந்து கரட் தண்ணீரில் கை வைக்காதே. முதலாளியிடம் மூட்டை தூக்குகிற வேலையோ, தரம் பிரிக்கிற வேலையோ கேள். கேட்க வெட்கப்பட்டால் உன் விரல் உன்னிடம் வெட்கப்படாது, பிளந்துகொண்டே போகும். தவிர்க்கவே முடியாத நாளில் போட்டுக்கொள்ள, பக்கத்துக் காம்பராப் பெண்ணிடம் காசு கொடுத்து, புது டப்பாவோடு இரண்டு சோடி கையுறையும் வாங்கி வைத்திருக்கிறேன். பருத்தி உறை உள்ளே, ரப்பர் உறை அதற்கு மேலே. உள்ளே தண்ணீர் போய்விட்டால் உடனே கழற்றிக் காய்ந்ததை மாட்டு, ஈரத்தோடு கிடந்தால் நான் டியூப் மாட்டிய கதைதான். வெந்நீர் சுகமாக இருக்கும், ஆனால் ஆகாது, இளஞ்சூடு போதும். துணி சவுக்காரத்தில் கை கழுவாதே. கழுவிய ஈரம் முழுக்கக் காய்வதற்குள் மருந்தைப் பூசு. படுக்கும்போது தடிப்பாகப் பூசி பருத்தி உறையை மாட்டு. ஆழமான வெடிப்புக்கு பிளாஸ்டர் ஒட்டு, பிளேடும் மெழுகும் எலுமிச்சையும் கிட்டே வரக்கூடாது. எங்கேயாவது சிவந்து வீங்கினால், சீழ் வைத்தால், வீட்டு வைத்தியம் பார்க்காமல் மிஸ்ஸியிடம் போ. நீயே போ, நீயே கேள். இன்னொருத்தர் வாயால் கேட்டு வாழாதே, அது பெற்ற தாயாக இருந்தாலும்.

நாளைக்குக் கட்டாரில் பாத்திரம் கழுவ நிறுத்தினாலும் இதுதான் மருந்து, குளிர் இல்லை என்று இருந்துவிடாதே. அங்கே எவனாவது உன் கையைப் பார்த்து முகம் சுளித்தால் கையை மறைக்காதே. கலியாணம் கட்டும்போது பொண்ணு கையைப் பார். வெள்ளையாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லவில்லை, புண்ணாக இருக்கிறதா என்று பார். இருந்தால் டப்பாவை எடு. உனக்கு அது செய்ய வரும், நான் கண்டிருக்கிறேன்.

உன் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். ஒரு வார்த்தை, "ஏம்மா ஆறல?" என்று நீ கேட்டிருந்தால் நான் உடைந்து சொல்லியிருப்பேன். நீ கேட்கவில்லை. நம் ஆட்களுக்கு இது ஒரு வியாதி. கை வெடித்தால் அது நம் கையின் குணம் என்று எடுத்துக்கொள்வோம், காம்பரா ஒழுகினால் நம் தலையெழுத்து என்போம். நான் உன்னை அப்படித்தான் வளர்த்திருக்கிறேன், அதனால் கோபம் பாதிதான் உனக்கு.

இப்போது வெள்ளிக்கிழமை பின்னேரம். இன்றைக்குத்தான் கால் தரையில் ஊன்றியது, வேலைக்குப் போனேன். காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் எல்லோரும் நிற்கும்போதே கணக்கப்பிள்ளையிடம், என் மகன் பேர் பதிய வரமாட்டான் என்று சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "அப்ப காம்பரா?" என்று கேட்டார். "நான் இருக்கிற வரைக்கும் நான் இருக்கேன்" என்றேன். "அது ஒன் வாய்ப்பேச்சு. ஐப்பசிக்குப் பொறவு ஆபீஸ்ல என்னா சொல்லுவாங்களோ" என்றார். எனக்கும் தெரியாது தம்பி. உன்னிடம் இனிப் பொய் சொல்ல மாட்டேன், காம்பரா நிற்கும் என்று எழுத என்னால் முடியாது. பயம் போகவில்லை. அதே மலை, அதே சுவர். ஆனால் அந்தப் பயத்துக்குக் காவலாக உன்னைக் கட்டி வைக்க இனி சம்மதமில்லை. திங்கட்கிழமை உன்னை ஆபீஸ் வாசலில் கண்டால், இந்தக் கடிதத்தில் இருப்பதை அங்கேயே, எல்லோர் முன்னாலும் நானே சொல்லுவேன். என் வாய் உனக்குத் தெரியும்.

பையை நாளைக் காலை, உங்கள் கரட் இடத்துக்கு வருகிற ராகலைக் கடை நானாவின் லொறியில் கொடுத்துவிடுகிறேன். அதற்கு முன் கடைசியாக ஒன்று. பின்னேரம் கொழுந்து நிறுக்கப் போனபோது வழக்கம்போல வரிசையை விட்டு ஒதுங்கிப் புத்தகத்துக்குப் போய் நின்றேன். "எதுக்கும் வச்சுப் பாரு" என்றார் கணக்கப்பிள்ளை. வைத்தேன். முதல் தடவையிலேயே பச்சை எரிந்தது. என் பேர் வந்தது. பின்னால் நின்ற பெண்கள் எல்லாம், "அக்காவுக்கு ரேகை மொளச்சிருச்சு" என்று சிரித்தார்கள். கணக்கப்பிள்ளையும் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. இடுப்பில் கட்டிய படங்குத் துணியால் முகத்தை மூடிக்கொண்டு கூடையைத் தூக்கினேன். உன் டப்பாவில் மிஞ்சியிருந்தது ஒருத்தர் கைக்குத்தான் காணும் போலிருக்கிறது தம்பி, அதை நீ எனக்குப் போட்டுவிட்டாய். இந்தப் பையில் இருப்பது புது டப்பா. அதில் நான் விரல் வைக்கவில்லை.

அம்மா